கண்ணாடியில் விழாத பதினோரு அடி: ஒரு நிகழ்வு ஆய்வு

2002ஆம் ஆண்டு அக்டோபர் 19. நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்ட் பகுதியில் ஒரு வீடு. இரவு நேரம். குழந்தைகள் நல மருத்துவரான கிரெக் குல்பிரான்சன் தன்னுடைய எஸ்.யூ.வி. காரைப் பின்பக்கமாக வீட்டு வாசலுக்குள் கொண்டுவருகிறார். தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தார். பக்கவாட்டுக் கண்ணாடிகளையும் பார்த்தார். எதுவும் தெரியவில்லை. பின்னோக்கி வந்துகொண்டிருந்த காரின் முன்சக்கரத்தில் ஏதோ சின்னதாகத் தட்டுப்பட்டது. இறங்கிப் பார்த்தார். முகப்பு விளக்கின் வெளிச்சத்தில், இரவு உடையோடு, தன் சின்னப் போர்வையைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி கிடந்தான் அவருடைய மகன் கேமரன். வயது இரண்டு.

பின்னோக்கி வரும் காரின் முன்சக்கரத்தில் ஒன்று தட்டுப்படுகிறது என்றால், கார் முழுவதும் அதைக் கடந்து வந்துவிட்டது என்று பொருள். அதுவரை ஓட்டுபவருக்கு ஒரு சத்தமும் இல்லை, ஓர் அசைவும் இல்லை. இந்த ஓர் விவரத்தைப் படித்துவிட்டு நான் நெடுநேரம் புத்தகத்தை மூடிவைத்திருந்தேன்.

நம் ஊரில் இப்படி ஒன்று நடந்தால் செய்தித்தாளில் நான்கு வரி வரும். அந்த நான்கு வரிக்குள் ‘கவனக்குறைவு’ என்ற சொல் எப்படியும் இருக்கும். சட்டத்திலும் அதுதான் பெயர். இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 304அ பிரிவாக இருந்து, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 106ஆம் பிரிவாக இருப்பது கவனக்குறைவால் மரணம் விளைவிக்கும் குற்றம். குல்பிரான்சனின் கதையை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணமே அந்தச் சொல்தான். ஓட்டுநர் பயிற்சியில் என்னென்ன பார்க்கச் சொல்லிக்கொடுக்கிறார்களோ அவை எல்லாவற்றையும் அவர் பார்த்தார். தொழிலோ குழந்தைகளைக் காப்பது. அப்படிப்பட்டவர் பார்த்தும் தெரியவில்லை என்றால், குறை அவருடைய கவனத்தில் இல்லை. பார்வை போய்ச் சேர முடியாத ஓர் இடம் காருக்குப் பின்னால் இருக்கிறது. அந்த இடத்துக்குள் குழந்தை எப்படி வந்து சேர்கிறது, வராமல் எப்படித் தடுப்பது என்பதுதான் கேள்வி. ‘பார்த்து ஓட்டுங்கள்’ என்று சொல்வது அந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது.

குடத்தை வைத்துச் செய்த சோதனை

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் என் காரை வைத்தே இதைச் சோதித்துப் பார்த்தேன். என்னுடையது சின்னக் கார்தான். ஒரு ஸ்டூலின்மேல் பச்சை பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்து வைத்தால் தரையிலிருந்து 85 சென்டிமீட்டர் உயரம் வந்தது. இரண்டு வயதுக் குழந்தையின் உயரம் ஏறக்குறைய அவ்வளவுதான். அதை டிக்கியை ஒட்டி வைத்துவிட்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். என் மனைவி ஸ்டூலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்த்தினாள். நான் தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தடி, ஏழடி, ஒன்பதடி. ஒன்றும் இல்லை. பதினோராவது அடியில்தான் பச்சையாக ஒரு கீற்று பின்கண்ணாடியின் அடிவிளிம்பில் எட்டிப் பார்த்தது. பிறகு அவள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். என்னைவிட அரையடி குட்டை. அவளுக்குக் குடம் தெரிந்தது பதினேழாவது அடியில்.

கடைசியாக ஸ்டூலை எடுத்துவிட்டுக் குடத்தை மட்டும் தரையில் வைத்தோம். குந்தி உட்கார்ந்து கூழாங்கல் பொறுக்கும் குழந்தையின் உயரம் என்று வைத்துக்கொள்ளலாம். காரிலிருந்து கேட் வரை எங்கே வைத்தாலும் எங்கள் இருவர் கண்ணிலும் அது படவே இல்லை.

இது நான் கண்டுபிடித்த சோதனை இல்லை. கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற அமெரிக்க நுகர்வோர் இதழ் இதைப் பல ஆண்டுகள் முறையாகச் செய்திருக்கிறது. 28 அங்குல உயரமுள்ள சாலைக் கூம்பைக் காருக்குப் பின்னால் வைத்து, ஐந்தடி எட்டங்குல உயரமுள்ளவருக்கும் ஐந்தடி ஓரங்குல உயரமுள்ளவருக்கும் எத்தனை அடி தள்ளி அது தெரிகிறது என்று ஒவ்வொரு மாடலுக்கும் அளந்தது. வண்டி உயரமாக இருந்தால் தெரியாத தூரம் கூடும். ஓட்டுபவர் குட்டையாக இருந்தால் இன்னும் கூடும். பின்கண்ணாடி மேலேறி, டிக்கி உயர்ந்து, பின்னிருக்கையின் தலையணைகள் தடிமனாக இருக்கும் இன்றைய வடிவங்கள் அதை மேலும் கூட்டுகின்றன. உயரமான வண்டியில் உட்கார்ந்தால் சாலை முழுவதும் நன்றாகத் தெரிகிறது என்பார்கள். தூரத்துக்கு அது சரி. வண்டியை ஒட்டிய தரைக்கு நேர்மாறு.

குடம் நகரவில்லை, குழந்தை நகரும். ஐந்து கிலோமீட்டர் வேகம் என்பது நாம் ஊர்ந்து போவதாக நினைக்கும் வேகம். அந்த வேகத்தில்கூடக் கார் மூன்று விநாடியில் நான்கு மீட்டர் பின்னால் வந்துவிடுகிறது. வாசற்படியிலிருந்து ஓடிவரும் குழந்தைக்கும் அந்த மூன்று விநாடி போதும். நீங்கள் கண்ணாடியைப் பார்த்து முடித்துவிட்டு பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகுதான் பல சமயம் குழந்தை அங்கே வருகிறது. பார்த்தபோது இடம் உண்மையாகவே காலியாக இருந்தது.

குழந்தை ஏன் அங்கே வருகிறது

கிட்ஸ் அண்ட் கார்ஸ் என்ற அமெரிக்க அமைப்பு இத்தகைய நிகழ்வுகளை ஆண்டுக்கணக்காகத் திரட்டிவருகிறது. அவர்கள் கணக்கில், பின்னால் எடுத்த வண்டியில் அடிபட்ட குழந்தைகளில் மிகுதியானோர் 12 முதல் 23 மாத வயதினர். ஓட்டியவர்களில் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் பெற்றவரோ நெருங்கிய உறவினரோதான். முன்பின் தெரியாதவன் ஓட்டிய வண்டியில் நடப்பது குறைவு.

காரணம் குரூரமான அளவுக்கு எளிமையானது. அப்பா கிளம்புகிறார். குழந்தைக்கு அப்பா வேண்டும். நடக்கத் தொடங்கிய குழந்தைக்கு, நேற்று வரை தாண்ட முடியாத வாசற்படி இன்று தாண்ட முடிகிறது என்பது வீட்டிலிருப்பவர்களுக்கே தெரியாது. அம்மா சமையலறையில் இருக்கிறாள், குழந்தை பாட்டியோடு இருக்கிறது என்று நினைக்கிறாள். பாட்டி, அம்மாவோடு இருக்கிறது என்று நினைக்கிறார். அப்பா, இரண்டு பேர் வீட்டில் இருக்கிறார்கள் என்று நினைக்கிறார். ஆள் குறைவாக இருக்கும் நாளைவிட, உறவினர்கள் கூடியிருக்கும் கல்யாண வீடும் காதுகுத்து வீடும் இந்த விஷயத்தில் எனக்கு அதிகம் பயம் தருகின்றன. பத்துப் பேர் இருக்கும் இடத்தில் குழந்தையின் கையை யார் பிடித்திருக்கிறார்கள் என்று கேட்டால், பத்துப் பேரும் வேறொருவரைக் காட்டுவார்கள்.

நம் வீடுகளில் இதோடு இன்னொரு வழக்கமும் சேர்ந்துகொள்கிறது. அலுவலகம் கிளம்பும்போது குழந்தை அழாமல் இருக்க, காரில் ஏற்றித் தெருமுனை வரை ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிடுவது. பெரும்பாலும் மடியில் உட்காரவைத்து, ஸ்டியரிங்கில் கைவைக்கவிட்டு. அன்பில் செய்வதுதான். ஆனால் அந்தக் குழந்தையின் மனத்தில் ஸ்டார்ட் ஆகும் காரின் சத்தம் ‘என்னைக் கூப்பிடுகிறார்கள்’ என்று பதிந்துவிடுகிறது. நேரமாகிவிட்டது, இன்றைக்குச் சுற்று வேண்டாம் என்று அப்பா சத்தமில்லாமல் கிளம்பும் அந்த ஒரு நாள் குழந்தை சத்தத்தைக் கேட்டு ஓடிவரும். ரிவர்ஸ் கியர் போட்டதும் பாட்டுப் பாடும் கருவியும் அப்படித்தான். பெரியவர்களை விலகச் சொல்லும் அந்த இசை, ஒன்றரை வயதுக்கு வேடிக்கை பார்க்க வா என்ற அழைப்பு.

வீதியில் நடக்காததால் கணக்கில் வராதவர்கள்

மகனை இழந்த குல்பிரான்சன் முதலில் எதிர்கொண்ட சுவர் புள்ளிவிவரம். அமெரிக்க அரசின் விபத்துக் கணக்கு பொதுச்சாலையில் நடந்தவற்றை மட்டுமே எண்ணியது. வீட்டு வாசலிலும் வண்டி நிறுத்துமிடத்திலும் நடப்பவை சாலை விபத்தாகச் சேராது. எண்ணாத ஒன்றுக்கு விதி எழுத எந்த அதிகாரியும் முன்வர மாட்டார். அந்த இடைவெளியை நாளிதழ்ச் செய்திகளிலிருந்தும் குடும்பங்களிடமிருந்தும் ஒவ்வொன்றாகத் திரட்டி நிரப்பியவர் ஜேனட் ஃபென்னல், கிட்ஸ் அண்ட் கார்ஸ் அமைப்பைத் தொடங்கியவர். 1995இல் சான் பிரான்சிஸ்கோவில் அவரையும் கணவரையும் ஆயுதம் ஏந்தியவர்கள் அவர்களுடைய கார் டிக்கிக்குள்ளேயே அடைத்துக் கடத்திச் சென்றார்கள். உயிர்தப்பிய பிறகு, டிக்கிக்குள்ளிருந்து திறக்கும் கைப்பிடி எல்லாக் கார்களிலும் வேண்டும் என்று போராடினார். 1998 கோடையில் மூன்றே வாரத்துக்குள் பதினொரு குழந்தைகள் டிக்கிக்குள் மாட்டி இறந்தது அந்தக் கோரிக்கைக்கு வலுச் சேர்த்தது. 2001 செப்டம்பரிலிருந்து அமெரிக்காவில் விற்கும் கார்களில் இருட்டில் ஒளிரும் அந்தக் கைப்பிடி கட்டாயமானது.

அதே வழியில்தான் கேமரனின் பெயரைத் தாங்கிய சட்டமும் வந்தது. 2008 பிப்ரவரி 28 அன்று அதிபர் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்டார். பின்பக்கம் தெரியும்படி செய்யும் விதியை மூன்று ஆண்டுக்குள், அதாவது 2011 பிப்ரவரிக்குள் போக்குவரத்துத் துறை எழுதி முடிக்க வேண்டும் என்பது சட்டத்தின் கட்டளை. பிரேக்கை மிதிக்காமல் ஆட்டோமேட்டிக் கியரைப் ‘பார்க்’ நிலையிலிருந்து நகர்த்த முடியாதபடி செய்வதையும் அதே சட்டம் கட்டாயமாக்கியது. சாவியோடு நிற்கும் காரில் விளையாடும் குழந்தை கியரைத் தள்ளி வண்டியை உருட்டிவிடுவதைத் தடுப்பதற்காக.

2011 வந்தது. விதி வரவில்லை. தள்ளிவைத்தார்கள், மறுபடியும் தள்ளிவைத்தார்கள். செலவுக் கணக்கு இடித்தது. திரை இல்லாத ஒரு காருக்குக் கேமராவும் திரையும் பொருத்த 132 முதல் 142 டாலர் வரை, திரை ஏற்கெனவே இருந்தால் 43 முதல் 45 டாலர் வரை ஆகும் என்று துறையே பின்னாளில் மதிப்பிட்டது. மறுதட்டில் இருந்தது இது: ஆண்டுக்குச் சுமார் 210 உயிரிழப்பு, 15,000 பேருக்குக் காயம். இறந்தவர்களில் 31 விழுக்காட்டினர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். எல்லா வண்டிகளிலும் கேமரா வந்துவிட்டால் ஆண்டுக்கு 58 முதல் 69 உயிர்கள் காப்பாற்றப்படும் என்பது அவர்களுடைய கணிப்பு. இப்படி உயிரையும் டாலரையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்ப்பது அரசாங்கத்தின் வேலை என்பது எனக்குப் புரிகிறது. அந்தத் தராசு மூன்று ஆண்டு கூடுதலாக ஆடிக்கொண்டிருந்தபோது எத்தனை வாசல்களில் எத்தனை பேர் என்று நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

2013 செப்டம்பரில் குல்பிரான்சன் உள்ளிட்ட பெற்றோரும் பாதுகாப்பு அமைப்புகளும் துறையின்மீது வழக்குத் தொடர்ந்தார்கள். நீதிமன்றத்தில் வாதம் தொடங்கவிருந்த நாளுக்கு முந்தைய நாள், 2014 மார்ச் 31 அன்று, விதி வெளியானது. வண்டிக்குப் பின்னால் பத்தடி நீளம், இருபதடி அகலம் உள்ள பரப்பு ஓட்டுநருக்குத் தெரிய வேண்டும், ரிவர்ஸ் கியர் போட்ட இரண்டு விநாடிக்குள் படம் திரையில் வர வேண்டும். முழுமையாக நடைமுறைக்கு வந்த நாள் 2018 மே 1. கேமரன் இருந்திருந்தால் அந்த ஆண்டு ஓட்டுநர் உரிமம் வாங்கும் வயதில் இருந்திருப்பான்.

கேமரா எவ்வளவு காக்கும்

கேமரா வந்துவிட்டதே, இனிக் கவலை இல்லை என்று நினைப்பவர்களுக்காக ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும். ஐ.ஐ.எச்.எஸ். என்ற அமெரிக்கக் காப்பீட்டுத் துறை ஆய்வு நிறுவனம் 2014இல் வெளியிட்டது. சாதாரண ஓட்டுநர்களை வரவழைத்து, எதற்கென்று சொல்லாமல், காரைப் பின்னால் எடுக்கச் சொன்னார்கள். குழந்தை அளவிலான ஒரு பொம்மை காருக்குப் பின்னால் வைக்கப்பட்டது. பொம்மை அசையாமல் நின்றபோது, எந்தக் கருவியும் இல்லாதவர்கள் அனைவரும் அதன்மேல் ஏற்றினார்கள். சென்சார் மட்டும் இருந்தவர்களில் ஒருவர் நீங்கலாக எல்லாரும். கேமரா மட்டும் இருந்தவர்களில் 56 விழுக்காட்டினர். கேமராவும் சென்சாரும் சேர்ந்து இருந்தவர்களில் 75 விழுக்காட்டினர்.

கடைசி எண்ணை நான் இருமுறை படித்தேன். இரண்டு கருவி இருந்தவர்கள் ஒரு கருவி இருந்தவர்களைவிட அதிகமாக மோதினார்கள். சென்சார் சத்தம் போடும் என்று நம்பித் திரையைப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். ஒலியலையை அனுப்பித் திரும்பப் பெறும் சென்சார், சுவரையும் தூணையும் போன்ற கெட்டியான பரப்பை நன்றாகக் கண்டுகொள்ளும். துணி உடுத்திய, சின்ன, அசையும் உடலை அது எப்போதும் கண்டுகொள்ளும் என்று சொல்ல முடியாது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை செய்த சோதனைகளில் குழந்தைகளைக் கண்டுபிடிப்பதில் சென்சார்கள் மோசமாகவே செயல்பட்டன.

இந்தியாவில் கட்டாயம் என்று இருப்பது அந்தச் சென்சார்தான். 2019 ஜூலை 1 முதல் தயாராகும் கார்களில் பின்பக்க பார்க்கிங் சென்சார் இருந்தாக வேண்டும். நல்லதுதான், சுவரில் இடிக்காமல் இருக்கலாம். குழந்தைக்கு அதை நம்பிக்கொள்ளாதீர்கள் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிவருகிறேன். பழைய காராக இருந்தால், பாட்டு, விளக்கு, சீட் கவர் என்று செலவழிக்கும் பணத்தில் ஒரு பின்கேமராவைப் பொருத்திக்கொள்ளலாம். மழைநாளில் அதன் லென்ஸில் சேறு படிந்தால் படமே வராது, விரலால் துடைக்க வேண்டும்.

வளசரவாக்கம், 2022

லாங் ஐலண்டின் கதை நமக்குத் தூரத்தில் இல்லை. 2022 மார்ச் 28 காலை, சென்னை வளசரவாக்கத்தில் ஒரு தனியார் பள்ளியின் வளாகத்துக்குள்ளேயே, வேனிலிருந்து இறங்கிய இரண்டாம் வகுப்பு மாணவன் அந்த வேனிலேயே அடிபட்டு இறந்தான். சாலையைக் கடக்கவில்லை. பள்ளியின் மதிலுக்குள் வந்து சேர்ந்துவிட்டான். வீட்டிலிருந்தவர்கள் அந்த நேரத்தில் ‘இனிப் பத்திரம்’ என்றுதான் நினைத்திருப்பார்கள்.

தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதி வந்ததும் ஒரு குழந்தையின் சாவுக்குப் பிறகுதான். 2012 ஜூலையில் தாம்பரம் அருகே, ஓடும் பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்தாள். சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அதே ஆண்டில் சிறப்பு விதிகள் வந்தன. வளசரவாக்கத்துக்குப் பிறகு, 2022இல் அந்த விதிகளைத் திருத்தி, பள்ளி வாகனங்களின் முன்னும் பின்னும் கேமராவும் எச்சரிக்கும் சென்சாரும் கட்டாயம் என்று அரசு அறிவித்தது.

‘முன்னும்’ என்ற அந்தச் சொல்லை நான் பாராட்டுகிறேன். அமெரிக்கச் சட்டம் பின்பக்கத்தோடு நின்றுவிட்டது. உயரமான முகப்புள்ள வேனுக்கும் எஸ்.யூ.வி.க்கும் முன்னாலும் தெரியாத பரப்பு உண்டு. இறங்கிய குழந்தை ஷூ லேஸைக் கட்ட வண்டியின் முன்னால் குனிந்தால், ஓட்டுநர் முகப்புக்கு மேல் பார்த்துக்கொண்டிருப்பார், குழந்தை முகப்புக்குக் கீழே இருக்கும். உங்கள் பிள்ளையை ஏற்றிச் செல்லும் வேனில் உதவியாளர் இருக்கிறாரா, அவர் எல்லாக் குழந்தைகளும் இறங்கிய பிறகு தானும் இறங்கி நின்று, குழந்தைகள் விலகியதைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கச் சொல்கிறாரா என்று ஒரு நாள் போய்ப் பாருங்கள். பத்து நிமிட வேலை. விதியில் எழுதியிருப்பது வேறு, காலை எட்டரை மணி அவசரத்தில் நடப்பது வேறு.

நிற்கும் கார்

ஓடாத கார் ஆபத்தில்லை என்ற எண்ணமும் தவறு. 2022 ஜூனில், திருநெல்வேலி மாவட்டம் பணகுடி அருகே, நிறுத்தியிருந்த காருக்குள் விளையாடப் போன மூன்று குழந்தைகள் வெளியே வர முடியாமல் இறந்தார்கள். மூவரும் ஏழு வயதுக்குள். 2025 மே மாதம் ஆந்திரத்தின் விஜயநகரம் மாவட்டம் துவாரபுடியில் நான்கு குழந்தைகள். இரண்டு இடத்திலும் கார் ஊருக்குள்தான் நின்றது.

மூச்சு முட்டி இறந்தார்கள் என்று பொதுவாகச் சொல்கிறோம். இப்படி அடைபட்ட காரில் காற்று தீர்வதற்கு முன்பே உயிரைப் பறிப்பது வெப்பம். 2005இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வெயிலில் நின்ற காரின் உள்வெப்பம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 செல்சியஸ் ஏறியது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரைமணியிலேயே. வெளியே இதமான 22 டிகிரி இருந்த நாளில்கூட உள்ளே 47. கண்ணாடியை ஒரு விரல் இறக்கிவைத்தது எந்த வித்தியாசத்தையும் தரவில்லை. குழந்தையின் உடல் பெரியவர்களின் உடலைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகத்தில் சூடாகும். நம் சித்திரை வெயிலில் இந்தக் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று யோசித்தால் கை நடுங்குகிறது.

கதவை உள்ளிருந்து ஏன் திறக்கவில்லை என்று கேட்பார்கள். பின்கதவில் சைல்டு லாக் போட்டிருந்தால் உள்கைப்பிடியை எவ்வளவு இழுத்தாலும் திறக்காது. ஓடும்போது குழந்தை விழாமல் காக்கும் அதே பூட்டு, நிற்கும்போது சிறையாகிவிடுகிறது. முன்னிருக்கைக்குத் தாவினால் முன்கதவு திறக்கக்கூடும். அதை நான்கு வயதுக் குழந்தைக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும். என் மகளுக்கு நான் காட்டிக்கொடுத்தேன். பின்னிருக்கையில் உட்காரவைத்து, ‘அப்பா இல்லை, கதவு திறக்கவில்லை, என்ன செய்வாய்?’ என்று கேட்டேன். முதல் தடவை கண்ணாடியைத் தட்டினாள். பிறகு நடுவே புகுந்து முன்னால் வந்து ஹாரனை இரண்டு கையாலும் அழுத்தக் கற்றுக்கொண்டாள். பல கார்களில் சாவி இல்லாமலே ஹாரன் அடிக்கும். உங்கள் காரில் அடிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று நாளைக்கு அவள் அதை விளையாட்டாகச் செய்து தெருவையே எழுப்பினாள். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

குழந்தையைக் காணவில்லை என்றால் முதலில் கிணறு, தொட்டி, தெரு என்று தேடுகிறோம். அந்த வரிசையில் காரும், காரின் டிக்கியும் முதலிலேயே வர வேண்டும். உறை போட்டு மூடிய கார் என்றால் உறையைத் தூக்கியே பார்க்க வேண்டும். காலையில் அலுவலகத்தில் இறங்கும்போது பூட்டுவதைப் போலவே, வீட்டு வாசலில் நிற்கும்போதும் கார் பூட்டியே இருக்கட்டும். சாவியை ஆணியில் மாட்டுகிறீர்கள் என்றால் குழந்தை நாற்காலி போட்டு ஏறினாலும் எட்டாத ஆணியில்.

எங்கள் கீழ்த்தளத்தில்

சென்னையில் புதிதாகக் கட்டும் குடியிருப்புகளில் தூண்கள்மேல் வீடுகள், கீழே கார்கள். அந்தக் கீழ்த்தளம்தான் குழந்தைகளின் விளையாட்டு மைதானமும்கூட. வெயில் படாது, மழை நனைக்காது, வெளியாள் வர மாட்டான். பெற்றோர் நிம்மதியாக மேலே இருப்பார்கள். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்து 1995இல் வெளியான ஓர் ஆய்வு, வண்டி வரும் பாதையும் விளையாடும் இடமும் தடுப்பால் பிரிக்கப்படாத வீடுகளில் குழந்தை அடிபடும் அபாயம் மூன்று மடங்குக்கும் மேல் என்று கண்டது. நம் கட்டடங்களில் இரண்டையும் பிரிப்பது ஒன்றுமே இல்லை. இரண்டும் ஒரே இடம்.

போன ஆண்டு எங்கள் குடியிருப்பில் மூன்றாம் மாடிப் பெரியவர் காரைப் பின்னால் எடுத்தபோது, முதல் மாடிக் குழந்தை பூனையைத் தேடி அந்தக் காருக்குப் பின்னால் குந்தியிருந்தது. காவலாளி கத்திய கத்தலில் கார் நின்றது. இடைவெளி ஒரு முழம். பெரியவர் இறங்கிவந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்றைய கூட்டத்தில் அவரைக் கடிந்து பேசத் தொடங்கினார்கள். நான் குடத்தையும் ஸ்டூலையும் எடுத்துவந்து, ஒவ்வொருவரையும் அவரவர் காரில் உட்காரச் சொன்னேன். பேச்சு மாறியது.

அதன்பின் சில ஏற்பாடுகள் செய்தோம். கீழ்த்தளத்தின் ஒரு மூலையில் இரண்டு கார் நிற்கும் இடத்தைக் காலி செய்து கம்பித் தடுப்புப் போட்டுக் குழந்தைகளுக்குக் கொடுத்தோம். அந்த இரண்டு இடத்துக்காக நான்கு மாதம் வாக்குவாதம் நடந்தது, அதை இங்கே விரிக்க வேண்டாம். எல்லாக் கார்களும் வந்து நிற்கும்போதே பின்பக்கமாக நிற்கின்றன. வந்து சேர்பவருக்கு அவசரம் குறைவு, காலையில் கிளம்பும்போது முகம் வாசலைப் பார்த்திருக்கும். ஏறுவதற்கு முன் காரை ஒரு முறை முழுதாகச் சுற்றி நடக்கிறோம், குனிந்து அடியிலும் பார்க்கிறோம். டயரைப் பார்ப்பதுபோல் இருக்கும், பழகிவிட்டது.

எங்கள் வீட்டுக்குள் இன்னும் ஒரு வழக்கம் உண்டு. சாவியை எடுக்கும்போது ‘குழந்தை யாரிடம்?’ என்று சத்தமாகக் கேட்பேன். ‘என்னிடம்’ என்று ஒரு குரல் வரும் வரை செருப்பு மாட்டுவதில்லை. ‘உள்ளே இருக்கிறாள்’ என்பது பதில் ஆகாது. ‘என்னிடம்’ என்று சொல்பவர் குழந்தையின் கையைப் பிடித்திருக்க வேண்டும். தெருமுனை வரை சுற்றும் பழக்கத்தை நிறுத்திவிட்டோம். முதல் வாரம் அழுதாள். இப்போது கீழ்த்தளத்துப் படிக்கட்டின் மூன்றாவது படியில் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கண்ணாடி வழியாக எனக்கு முகம் முழுவதும் தெரியும் உயரம் அது, இரண்டு மூன்று படியில் நிற்கவைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தோம். நான் கை காட்டுகிறேன். அவள் கை காட்டுகிறாள். காரின் பின்விளக்கு கேட்டைத் தாண்டிய பிறகுதான் பாட்டி கையை விடுகிறார்.